கைப்பேசித் திரையில் நம் நகரம்: எழுதும் கவிதை நிலைக்க என்ன வழி?

சி ரூசா – காலை வணக்கத்தோடு ஒரு கவிதையும் வந்து விழாத புலனக் குழு இன்று அரிது. அம்மாவைப் பற்றி நான்கு வரி, நட்பைப் பற்றி நான்கு வரி, காதல் தோல்வியைப் பற்றி எட்டு வரி. பின்னணியில் ஒரு ரோஜாவோ மாலைச் சூரியனோ இருக்கும். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

அந்தக் கவிதைகளில் நாம் வாழும் ஊர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சிரம்பான் கொமுட்டர் நிலையத்தின் விடியற்காலைக் கூட்டம், செனவாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வருபவரின் சிவந்த கண், நான்காவது மாடி வீட்டுக்கு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறும் அம்மா, சனிக்கிழமை வந்தால் கோலாலம்பூர் கார்களால் அடைத்துக்கொள்ளும் போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலை. இவை அவற்றில் அதிகம் கண்ணில் படுவதில்லை.

எழுத ஆள் இல்லாமல் இல்லை. எழுதும் இடமும் நம் கையிலேயே இருக்கிறது. சமூக ஊடகத்தை நகர வாழ்வின் கவிதைக்கு எப்படிப் பயன்படுத்தலாம், அப்படி எழுதியதை எப்படிக் காப்பாற்றலாம் என்பதை இங்கே பார்ப்போம். இதில் நமக்கு ஒரு பழைய இழப்பு கற்றுத்தரும் பாடமும் உண்டு.

தோட்டம் பாடியது, எழுதி வைக்கவில்லை

தோட்டத்து மக்களிடம் கவிதை இருந்தது. அதற்குக் கவிதை என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். விடியற்காலைப் பெரட்டு, கித்தாக் காட்டின் கொசுக்கடி, கங்காணியின் அதட்டல், கப்பலேறி வந்த ஏக்கம் எல்லாம் பாட்டாயின. லயத்து வீட்டுத் திண்ணையில் தாலாட்டாகவும், சாவு வீட்டில் ஒப்பாரியாகவும், திருவிழாவில் கும்மியாகவும் அவை ஒலித்தன.

பாடியவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கேட்டவர்களும் எழுதி வைக்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம், எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமி போன்ற ஒரு சிலர் மலேசியாவின் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால் கொஞ்சமாவது இன்று நூலாகக் கிடைக்கிறது. மற்றவை பாடிய பாட்டிகளோடு போய்விட்டன.

அதற்குள் வாழ்க்கையே இடம் மாறிவிட்டது. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் நடந்தது. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1970-இல் மலேசிய மக்களில் 28.4 விழுக்காட்டினரே நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 75.1 விழுக்காடு. தாத்தா நிரை பிடித்துப் பால் வெட்டினார். பேரப்பிள்ளை விரைவு ரயிலில் நின்றபடி வேலைக்குப் போகிறார்.

தாத்தாவின் வாழ்க்கை பாட்டாகி, பிறகு பெரும்பகுதி மறைந்தது. பேரப்பிள்ளையின் வாழ்க்கைக்கும் அதே கதி வரக்கூடாது. இந்தக் கவலைதான் கைப்பேசிக் கவிதையை வெறும் பொழுதுபோக்காகத் தள்ளிவிட முடியாமல் செய்கிறது.

நகரம் தமிழுக்குப் புதிதல்ல

நகரத்தைப் பாடுவது மேல்நாட்டு வழக்கம், தமிழ்க் கவிதைக்கு வயலும் மலையும்தான் என்று சிலர் எண்ணுவதுண்டு. சங்க இலக்கியம் அப்படிச் சொல்லவில்லை. பத்துப்பாட்டில் உள்ள ‘மதுரைக்காஞ்சி’ 782 அடிகள் கொண்டது. மாங்குடி மருதனார் அதில் மதுரையின் பகல் கடைத்தெருவான நாளங்காடியையும், இரவுக் கடைத்தெருவான அல்லங்காடியையும் பாடுகிறார். அல்லங்காடியை நம்மூர்ப் பாசார் மாலாமின் மூதாதை என்று சொல்லலாம். நள்ளிரவில் அப்பம் விற்பவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதுகூட அந்தப் பாட்டில் உண்டு. ‘பட்டினப்பாலை’யோ 301 அடிகளில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தையும் அங்கு வந்து குவியும் சரக்கையும் நம் கண்முன் நிறுத்துகிறது.

நீளம்தான் தடை என்றால் அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. ஐங்குறுநூற்றுப் பாடல்கள் மூன்று முதல் ஆறு அடி. குறுந்தொகைப் பாடல்கள் நான்கு முதல் எட்டு அடி. குறளுக்கு ஏழே சீர். கைப்பேசித் திரை நம்மிடம் கேட்கும் அளவும் ஏறக்குறைய இதுதான். சுருங்கச் சொல்வது தமிழுக்கு இன்ஸ்தாகிராம் கற்றுக்கொடுத்த பாடமல்ல.

ஏட்டிலிருந்து திரைக்கு

மலேசியத் தமிழ்க் கவிதையைப் பல்லாண்டுகள் சுமந்தவை நாளேடுகளும் வார மாத இதழ்களும்தான். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 1950-இல் ‘கதை வகுப்பு’ நடத்தி வாசகர்களையே எழுத்தாளர்களாக்கியது. சி. கமலநாதன் எழுதி 1964-இல் ‘தமிழ் முரசு’ ஏட்டில் வந்த ‘கள்ளப்பட்டிகள்’ மலேசியாவின் முதல் புதுக்கவிதையாகக் கொள்ளப்படுகிறது. அடுத்த பத்தாண்டில் ‘வானம்பாடி’ வார இதழ் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்து இளைஞர்களை இழுத்தது. மரபா புதிதா என்ற வாதம் சூடாக நடந்ததும் ஏடுகளில்தான்.

2019-இல் ‘தமிழ் நேசன்’ நின்றுபோனது. ஞாயிறு பதிப்பில் தன் பெயரைப் பார்க்க வாரக் கணக்கில் காத்திருந்த தலைமுறையும் மூத்துவிட்டது. இன்று எழுதத் தொடங்கும் பிள்ளை ஆசிரியருக்குக் கடிதம் போடுவதில்லை. நேரே திரையில் எழுதிப் பொத்தானை அழுத்துகிறது.

அந்தத் திரையில் தமிழ் வந்ததில் மலேசியருக்குப் பெரிய பங்கு உண்டு. ‘பொன்னி’ இதழை நடத்தியவரும் ‘தமிழ் நேசன்’ ஆசிரியராக இருந்தவருமான முருகு சுப்பிரமணியனின் மகன் முத்து நெடுமாறன், 1980-களிலேயே ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கினார். அவருடைய ‘செல்லினம்’ செயலி 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி பிறந்தது. யூனிகோடு முறையில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள்தான் இடம். ‘கா’ என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு குறியீடு செலவாகும். அந்த நெருக்கடியிலும் நம்மவர்கள் வாழ்த்தும் கவிதையும் அனுப்பினார்கள்.

முகநூலில் அந்த நெருக்கடி இல்லை. தமிழ்நாட்டில் கவிஞர் மனுஷ்ய புத்திரன் நாள்தோறும் முகநூலில் கவிதை எழுதுபவராக அறியப்பட்டவர். அன்றைய செய்தி, அன்றைய மழை, அன்றைய சாலை எல்லாம் அவருக்குப் பொருளாகின்றன. முகநூலில் வந்த கவிதைகள் பிறகு அவருடைய தொகுப்புகளாக அச்சாகின்றன. பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்த ரூபி கவுர் இன்ஸ்தாகிராமில் சிறு கவிதைகளைக் கோட்டோவியத்தோடு வெளியிட்டார். 2014-இல் தம் முதல் தொகுப்பைத் தாமே அச்சிட்டார். அடுத்த ஆண்டு ஒரு பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. அதன்பின் பல இலட்சம் பிரதிகள் விற்றன. இருவரும் திரையில் தொடங்கினார்கள், ஆனால் திரையோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பக்கத்து நாட்டில் ஒரு முயற்சி

நகர வாழ்வையும் சமூக ஊடகத்தையும் சேர்த்துக் கட்டிய நல்ல எடுத்துக்காட்டு சிங்கப்பூரில் இருக்கிறது. 2014 ஏப்ரலில் அங்குள்ள கவிஞர்கள் ‘சிங்போரைமோ’ என்ற பெயரில் ஒரு முகநூல் குழு தொடங்கினார்கள். ஏப்ரல் மாதத்தின் 30 நாளும் நாளுக்கொரு தூண்டுகோல் கொடுக்கப்படும். உறுப்பினர்கள் அன்றே கவிதை எழுதிக் குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள். பெயர் பெற்ற கவிஞரும் அன்றுதான் முதல் கவிதை எழுதும் மாணவரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். மாதம் முடிந்ததும் தேர்ந்தெடுத்த கவிதைகள் நூலாக அச்சேறின.

பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்த முயற்சி இது. ஆனால் அதன் அமைப்பு நமக்கு அந்நியமல்ல. ஒரு தலைப்பு, ஒரு கெடு, படித்துச் சொல்ல நாலு பேர், கடைசியில் ஒரு நூல். 1950-இல் ‘கதை வகுப்பு’ ஏட்டில் செய்த வேலையின் சாயல் இதில் தெரிகிறது.

திரை எதைத் தூக்கும், எதை அமிழ்த்தும்?

சமூக ஊடகம் அறிவிப்புப் பலகை மாதிரி எல்லாருக்கும் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. யார் எதை நின்று பார்ப்பார், எதை விரும்புவார் என்று கணித்து வரிசைப்படுத்துகிறது. இன்ஸ்தாகிராம் 2016-இலேயே நேர வரிசையைக் கைவிட்டு இந்தக் கணிப்பு முறைக்கு மாறியது. அதிகம் பேர் ‘லைக்’ போடுவது மேலே வரும். மற்றவை கீழே போகும்.

இதன் விளைவு கவிதையில் தெரிகிறது. எந்த ஊரிலும் எவருக்கும் பொருந்தும் வரிகள் மேலே வருகின்றன. அதைப் பார்த்து அடுத்தவரும் அதே போல எழுதுகிறார். ‘லுக்குட்’ என்றோ ‘லிங்கி’ என்றோ ஊர்ப் பெயர் போட்டால் தமிழ்நாட்டிலும் கனடாவிலும் இருப்பவருக்குப் புரியுமா என்ற தயக்கம் வருகிறது. ஊர்ப் பெயர் போகிறது, பேச்சு வழக்கு போகிறது, கடைசியில் எழுதியவரின் வாழ்க்கையே கவிதையிலிருந்து போய்விடுகிறது.

மதுரைக்காஞ்சி எல்லா ஊருக்கும் பொருந்த எழுதப்பட்ட பாட்டல்ல. மதுரையின் தெருவை உள்ளபடி சொன்னதால்தான் மதுரையைக் காணாதவரும் இன்றுவரை படிக்கிறார்கள். ‘லைக்’ எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்த உண்மை மறந்துபோகும்.

எழுதிப் பார்ப்போம்

‘நகரம் ஒரு நரகம்’ என்று தொடங்கும் கவிதையைப் பலரும் எழுதியிருப்பார்கள். எதுகை போன்ற அந்த ஒலி கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் எந்த நகரம், யாருக்கு நரகம் என்று அதில் தெரியாது. நம் வட்டாரத்திலிருந்து ஒரு சிறு முயற்சியை எடுத்துக்காட்டாக இங்கே எழுதிப் பார்க்கலாம்:

சனிக்கிழமை மாலை
கடல் பார்க்கப் போகும் கார்கள்
சாலையில் நிற்கின்றன.
வேலைக்குப் போகும் என் மோட்டார்
நடுவில் வழி கேட்கிறது.

இது பெரிய கவிதை அல்ல. ஆனால் சி ரூசாவில் வாழ்பவருக்கு உடனே புரியும். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வந்து ஓய்வெடுப்பவருக்கும், அவருக்குப் பரிமாறவோ அறையைத் துப்புரவு செய்யவோ போகிறவருக்கும் ஒரே சாலைதான். இதில் புலம்பலும் இல்லை, அறிவுரையும் இல்லை. பார்த்ததைச் சொன்னதிலேயே நிலைமை தெரிகிறது.

தொடங்குபவர்களுக்குச் சில எளிய வழிகள்:

முதலாவது, ஒரு கவிதையில் ஒரு காட்சி போதும். முழு நகரத்தையும் எட்டு வரியில் அடைக்க வேண்டாம். டோல் சாவடியோ மின்தூக்கியோ சாப்பாட்டுக் கடையோ, ஏதாவது ஒன்று போதும்.

இரண்டாவது, நாம் வீட்டில் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். பாசார் மாலாம், தப்பாவ், கித்தா, லயம் எல்லாம் நம் வாழ்க்கையின் சொற்கள். விளக்கம் வேண்டுமானால் கவிதைக்குக் கீழே ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவது, படம் கவிதையை விழுங்கக்கூடாது. இணையத்தில் எடுத்த ரோஜாவைவிட, நீங்களே எடுத்த பேருந்து நிறுத்தப் படம் நல்லது. மற்றவர் முகம் தெரியும் படமாக இருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, கவிதையைப் படமாக மட்டும் போடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பார்வைக் குறையுள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலிகளும் அங்கே தடுமாறக்கூடும். அதே கவிதையைக் கீழே எழுத்தாகவும் சேர்த்துவிடுங்கள். இன்ஸ்தாகிராமில் அதற்கு 2,200 குறியீடுகள் வரை இடம் உண்டு.

ஐந்தாவது, வாய்விட்டுப் படித்துக் காணொளியாகவும் போடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் தோட்டத்திலும் நகரத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் காதால் கேட்டு வளர்ந்தவர்கள். பேத்தியின் கவிதையைக் கேட்டால் தங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றைத் திருப்பிச் சொல்லவும் கூடும். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெயரும் உரிமையும்

“என் கவிதையை வேறொருவர் பெயரில் புலனத்தில் பார்த்தேன்” என்பது எழுதுபவர்களிடையே அடிக்கடி எழும் குறை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியோ பதிவு செய்தோ வைக்கப்பட்ட சொந்தப் படைப்புக்குப் பதிப்புரிமை தானாகவே வருகிறது. பதிந்தால்தான் உரிமை என்பதில்லை. எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் படைப்பைப் பற்றி அறிவித்துச் சான்றும் பெறலாம்.

சட்டம் ஒருபுறம் இருக்க, பழக்கமே பாதுகாப்பு. ஒவ்வொரு கவிதையின் கீழும் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். பிறர் கவிதையை அனுப்பும்போது எழுதியவர் பெயரை வெட்டாதீர்கள். பெயர் தெரியாவிட்டால் நம் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் இருப்பது குறைந்தபட்ச நேர்மை.

வாடகைச் சுவரில் எழுதிய எழுத்து

நாற்பது வயதை ஒட்டியவர்களுக்கு ‘ஃபிரெண்ட்ஸ்டர்’ நினைவிருக்கும். 2002-இல் அமெரிக்காவில் தொடங்கி, நம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த தளம். 2009-இல் மலேசியாவின் எம்.ஓ.எல். நிறுவனம் அதை வாங்கியது. 2011-இல் அது விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டபோது, பயனர்கள் போட்டு வைத்திருந்த படங்களும் பதிவுகளும் அழிக்கப்பட்டன. முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. அதைப் பார்த்துத் தங்கள் பதிவுகளை இறக்கிக்கொண்டவர்கள் தப்பினார்கள். பார்க்காதவர்களின் இளமைக்கால எழுத்து போயே போய்விட்டது. பொதுமக்களுக்கான ‘கூகல் பிளஸ்’ தளமும் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது.

முகநூலும் இன்ஸ்தாகிராமும் நாளையே மூடப்படும் என்று சொல்லவில்லை. அவை நம் சொத்தல்ல என்பதை மறக்கக்கூடாது என்கிறோம். கடவுச்சொல் மறந்தாலோ, கணக்கு களவு போனாலோ, எழுதியவர் காலமானாலோகூடக் கவிதைகள் கைக்கு எட்டாமல் போகலாம்.

எனவே எழுதியவுடன் கைப்பேசிக்கு வெளியேயும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம்கூடப் போதும். முகநூலிலும் இன்ஸ்தாகிராமிலும் உங்கள் பதிவுகள் அனைத்தையும் இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்யலாம். பொங்கலன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அடுத்தது அச்சு. ஒருவர் தனியே நூல் போடும் செலவு பெரிது. ஓர் ஊரைச் சேர்ந்த பத்துப் பேர் ஆளுக்கு ஐந்து கவிதை கொடுத்தால் ஒரு சிறு தொகுப்பு ஆகிவிடும். நூலுக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகம் வழங்குகிறது. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, இங்கு அச்சாகும் நூலில் ஐந்து பிரதிகளை அந்நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். பலர் இதைச் சுமையாக நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு தோட்டத்துப் பிள்ளையின் கவிதை இந்த நாட்டின் ஆவணமாகச் சேரும் வழி இது. பள்ளி நூலகத்துக்கும் கோயில் மண்டபத்து அலமாரிக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

சி ரூசாவிலிருந்தே தொடங்கலாம்

இதற்கெல்லாம் தலைநகரம் போக வேண்டியதில்லை. போர்ட்டிக்சன் பாலிடெக்னிக் சி ரூசாவின் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் மாணவர்கள் இங்கு உண்டு. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இன்னும் பழைய பாட்டு தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய் வார இறுதியில் திரும்பும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்று தரப்பும் சேர்ந்த ஒரு குழுவைத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோயில் இளைஞர் பிரிவோ, வாசகர் வட்டமோ ஒரே மாலையில் தொடங்கிவிடலாம்.

மாதம் முழுக்க முடியாவிட்டால் ஒரு வாரம் போதும். ஏழு நாள், ஏழு தலைப்பு: பேருந்து நிறுத்தம், இரவு வேலை, மாடிப்படி, பாசார் மாலாம், டோல், மழை நாள், பழைய லயம். எழுதியவை ஏழாம் நாள் மாலையில் வாய்விட்டுப் படிக்கப்படட்டும். பெயரும் ஊரும் தேதியும் போட்டு ஒருவர் தொகுத்து வைக்கட்டும்.

தோட்டத்தின் பாட்டைக் கேட்டவர்கள் அதை எழுதி வைக்கும் வசதியில் இருக்கவில்லை. நமக்கு எழுத்து இருக்கிறது, கருவி இருக்கிறது, நேரே வந்து கேட்க ஆளும் இருக்கிறது. இனி இந்த நகர வாழ்க்கை பதிவில்லாமல் போனால், அந்தக் குறைக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.